நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே

ரோமுக்குப் பக்கத்து ஊரான லனூவியத்தின் சந்தையில் அறிவிப்பாளன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த வருடம் நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே அறுபத்தேழு நாட்கள் செருகப்படும் என்று கூவியபோது பிலுமினாவின் இடுப்பில் நூல் கூடை இருந்தது, வயிற்றில் ஐந்து மாதம் கடந்த பிள்ளை இருந்தது. மாதங்கள் பருவத்தை விட்டு எங்கேயோ ஓடிவிட்டனவாம்; ரோமில் பெரிய இடத்தில் உட்கார்ந்து இழுத்து ஒட்டுகிறார்களாம். "அப்போ எனக்கு இந்த வருஷம் வயசு கூட ரெண்டு மாசம் ஆகும்ல?" என்றாள் வெங்காயக்காரி. சந்தையே சிரித்தது. பிலுமினா மட்டும் கூடையைக் கீழே வைத்துவிட்டு விரல்களை மடக்கி எண்ணினாள்.

அவளுடைய எஜமானான பெரியவர் மே மாதம் சாகக் கிடந்தபோது ஏழு சாட்சிகளை வைத்து உயில் எழுதினார். இருபது வருடம் அந்த வீட்டில் அடிமையாய்க் கம்பளி நூற்றவளுக்கு விடுதலை. எப்போது என்பதை அவளிடமே கேட்டார்.

"திராட்சை அறுத்து முடிஞ்சதுமா, ஜனவரி பொறந்ததுமாம்மா?"

வருடத்தின் முதல் நாள் தொடங்குவது வருடம் முழுக்க நிலைக்கும் என்று ஊரே நம்பியதை அவளும் நம்பினாள். சாகப்போகிறவரிடம் சீக்கிரம் என்று கேட்க நாக்கும் கூசியது. ஜனவரி என்றாள். வயிற்றில் ஒன்று தங்கியிருப்பது அப்போது அவளுக்கே தெரியாது.

பிரசவம் ஜனவரி இருபது வாக்கில் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். விடுதலையானவள் பெற்றால் பிள்ளை யாருக்கும் சொந்தமில்லை. அடிமை பெற்றால் பிள்ளை அந்த வீட்டுக்குச் சொந்தம். இப்போது பிள்ளை முந்திக்கொள்ளும், ஜனவரி பிந்திக்கொள்ளும்.

நவம்பர் கடைசியில் திராட்சை அறுத்தார்கள். காலண்டரை யார் எப்படி இழுத்தாலும் அது தன் வெயிலில்தான் பழுத்தது. கடைசிக் கூடை உள்ளே போவதைப் பார்த்தபோது தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் பெரியவரின் மகன் நுமிசியஸ் முன்னால் போய் நின்றாள்.

"சின்னய்யா, நீங்க மனசு வச்சா இன்னிக்கே விட்டுடலாம்."

"அப்பா சொன்ன சொல்லுல நான் ஒண்ணு கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"அவர் சொன்னது வேற ஜனவரி."

"வருஷத்த நீட்டினது நானா? ரோமுக்குப் போய்க் கேளு." பிறகு குரலைத் தணித்தான். "ஒனக்குக் கனமான வேலை எதுவும் குடுக்க வேணாம்னு சொல்லியிருக்கேன். தினமும் முட்டை சாப்பிடு."

கெட்டவனாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள்.

செருகிய நாட்களில் நாற்பத்தொன்பதாவது நாள் பெண் பிறந்தாள். தகப்பன் ஹிலாரஸ். போன வருடம் விடுதலையாகி, சொந்தமாகக் கோவேறு கழுதை ஓட்டுகிறவன். பிள்ளையைத் தரையில் கிடத்தியதும் தகப்பன் குனிந்து தூக்கித் தன் பிள்ளை என்று ஏற்பது வழக்கம். அந்த வீட்டுப் பிள்ளையைத் தூக்க அவனுக்கு உரிமை இல்லை. வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "மூக்கு ஒன்ன மாதிரி. தப்பிச்சா," என்றான்.

ஜனவரி முதல் நாள் காலையில் நுமிசியஸ் சொன்ன சொல் தவறவில்லை. சாட்சிகளை அழைத்தான். தேனும் பேரீச்சையும் கொடுத்தான். "இனி நீ யாருக்கும் அடிமை இல்ல, பிலுமினா. நல்லா இரு," என்றான். உண்மையாகவே அவன் கண் கலங்கியிருந்தது. பிறகு, "பாப்பாவைப் பத்திக் கவலப்படாத. பால் குடுக்க ஒருத்திய ஏற்பாடு பண்ணிட்டேன்," என்றான்.

தெருவில் ஹிலாரஸ் வண்டியோடு நின்றான்.

"மொதல்ல வந்து ஏறு புள்ள. வெளிய நின்னு பாப்பாவைக் கேட்டாத்தான் மதிப்பாங்க."

"எத்தன நாளைக்குக் கேக்கறது?"

அவன் கழுதையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

அவள் நிலைப்படியைத் தாண்டி ஒரு காலை வெளியே வைத்தாள். உள்ளே பிள்ளை அழத் தொடங்கியது. யாரோ ஒருத்தி சமாதானப்படுத்தும் குரலும் கேட்டது. சாட்சிகள் பார்த்துக்கொண்டிருக்க, புது உடுப்பின் மார்பில் பால் ஊறி, இரண்டு வட்டங்களாகப் பரவியது.