மகன் நம்பருக்குப் பில்

பில் மெஷின் வைக்காத கடைக்கு அபராதம் என்று வரி ஆபீஸ் அறிவித்ததும் நானும் வாயை மூடிக்கொண்டு ஒன்று வாங்கினேன். ஆணியும் பூட்டும் விற்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று இரண்டு வருஷத்துக்கு முன் மகனிடம் குதித்தவன் நான்தான்.

“மெஷின் வைங்கப்பா, காலம் மாறிடுச்சு” என்றான்.

“அப்ப நீயும் மாறிப் போ. இந்தக் கடைப் படி ஏறாதே” என்றேன்.

ரோஷக்காரன், என் பிள்ளை அல்லவா. வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனவன்தான், படி ஏறவே இல்லை.

மெஷினைச் சொல்லிக்கொடுக்க வந்த பெண் கண்டிப்பாகச் சொன்னாள்: “பில் போட்டா அப்பவே வரி ஆபீசுக்குப் போயிடும் சார். வாங்குறவங்க போனுக்கும் போயிடும். விளையாட்டுக்குப் போட்டுடாதீங்க.”

வாங்குகிறவர் போனுக்கும் போகும். அது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அவனைக் கூப்பிட்டு ‘நீ சொன்னதுதான் சரி’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பில் அனுப்பலாமே? கடைப் பெயரைப் பார்த்தாலே புரிந்துகொள்வான். அன்று சாயங்காலமே அவன் நம்பரைப் போட்டு ஒரு தாழ்ப்பாளுக்குப் பில் அடித்தேன். பொய்ப் பில் ஆகிவிடக் கூடாதென்று காசைக் கல்லாவில் போட்டு, தாழ்ப்பாளை வீட்டுக்கு எடுத்துப் போனேன். திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

தினமும் ஒன்று. பதினேழு தாழ்ப்பாள் சேர்ந்தது. வீட்டில் இருப்பதோ இரண்டு கதவு, ஒரு ஆள்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் அந்த நம்பரிலிருந்தே போன் வந்தது. எடுத்து, “சொல்லுப்பா” என்றேன்.

பெண் குரல். எனக்குச் சொல்லாமல் கல்யாணமே முடிந்துவிட்டதா என்று நினைத்தேன். அப்படியும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“தினமும் உங்க கடைலேர்ந்து தாழ்ப்பாள் பில் வருது. நான் எதுவும் வாங்கலையே. ஒரு வருஷமா இந்த நம்பர் என்கிட்டதாங்க இருக்கு.”

“தப்பா அடிச்சிட்டேம்மா. மன்னிச்சிடுங்க.”

“பரவால்லைங்க. தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது சரியான நம்பரைக் கேட்டு அனுப்பிடுங்க.”

“சரிம்மா” என்று வைத்தேன். போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன். ஆணி கம்பெனி, பூட்டு ஏஜென்ட், லோடு வண்டிக்காரர், மெஷின் பெண். என் மகனைத் தெரிந்தவர் அதில் ஒருவரும் இல்லை.