அரை கஜம் பின்னால்

வாவ்ரா வீட்டு மேஜையில் டார்சி உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ரீடின் அம்மா ஜெனெல் கேட்டேவிட்டாள்.

“நீயே சொல்லும்மா. தினம் வீடியோ பாக்கறவ நீதானே. அடுத்த சீசன்ல இவன் குறி தேறுமா, தேறாதா?”

“அம்மா, அவ சாப்பிடட்டும்” என்றான் ரீட்.

“சாப்பிட்டுக்கிட்டே சொல்லட்டும். வாய் என்ன வாடகைக்கா விட்டிருக்கா?”

டார்சி சிரித்துக்கொண்டே மாவுருண்டையை முட்டைக்கோஸ் சாற்றில் புரட்டினாள். பதில் அவளுக்கே தெரியவில்லை.

ரீட், கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவாட்டர்பேக். ஆட்டம் தொடங்கியதும் பந்து அவன் கைக்கு வரும். ஓடுகிற கூட்டாளியின் கையில் அதை எறிந்து சேர்ப்பது அவன் பொறுப்பு. போன வருடம் நூறு எறிந்ததில் ஐம்பத்து நான்குதான் போய்ச் சேர்ந்தது. ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். முடி வெட்டுகிறவர் முழங்கை இறங்குகிறது என்றார். தேவாலய வாசலில் நின்றவர்கள் காலை அகட்டி வைப்பது போதாது என்றார்கள். உள்ளூர் ரேடியோக்காரர் பையனுக்குப் பயம் என்று முடித்துவிட்டார். இதற்குள் பயிற்சியாளர் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இன்னொரு குவாட்டர்பேக்கைக் கொண்டு வந்துவிட்டார். ஆகஸ்ட் முகாமில் யார் குறி தவறாமல் எறிகிறானோ அவன்தான் ஆடுவான் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ரீடுக்கு இது கடைசி வருடம். இப்போது ஓரத்தில் உட்கார்ந்தால் அப்படியே உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

டார்சி அணியின் வீடியோ அறையில் வேலை செய்யும் மாணவி. ஒவ்வொரு எறிதலையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பந்து எங்கே போனது என்று குறிப்பது அவள் வேலை. “உன் பந்து எல்லாரையும் முதுகுல தட்டிக் கூப்பிடுது” என்று அவள் ஒருநாள் சொல்லப்போய், அவன் கோபப்படாமல் சிரித்தான். எட்டு மாதத்துக் காதலுக்குப் பிள்ளையார் சுழி அந்தச் சிரிப்புதான்.

அவள் கணக்கில் ஒரு விநோதம் இருந்தது. குறுக்கே ஓடுகிறவனுக்கு எறியும்போது பந்து அவனுக்கு அரை கஜம் பின்னால் போனது. அதுவும் செப்டம்பரில்தான். அக்டோபரில் கால் கஜம். நவம்பரில் நெஞ்சுக்கு நேராகப் போய் விழும். அடுத்த செப்டம்பரில் மறுபடியும் அரை கஜம். மூன்று வருடமும் இதே கதை. கோடை விடுமுறையில் வீட்டுக்குப் போய் இவன் எதையோ தொலைத்துவிட்டு வருகிறான். அது என்னவென்று தெரியாமல்தான் இந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை அவள் முதல்முறையாக இந்தப் பண்ணை வீட்டுக்கு வந்திருந்தாள்.

ஐந்து மணிக்கு ரீடின் அப்பா மைலோ வாவ்ரா நாற்காலியை விட்டு எழுந்தார். வலது முட்டிக்கு மேல் பட்டையை இறுக்கிக் கட்டினார்.

“வாடா. அந்த ரேடியோக்காரன் சொல்றதையெல்லாம் மறந்துட்டு வா.”

டிராக்டர் கொட்டகைக்குப் பின்னால், சோள வயலுக்கு முன்னால், புல் வெட்டிய ஒரு நீள இடம். ஜெனெல் வேலியில் சாய்ந்தபடி டார்சியிடம் மெதுவாகச் சொன்னாள்:

“ஏழு வருஷம் ஆச்சு, இவர் அறுவடை மிஷின் ஏணியிலேருந்து விழுந்து. டாக்டர் இனிமே நடக்கறதே கஷ்டம்னார். ‘அப்ப என் பையன் யாருக்குப் போடுவான்?’னு கேட்டார் இவர். அதுக்காகத்தான் எழுந்தாரு. கோடையில ஒரு நாள் தப்பினதில்ல.”

மைலோ நேராக எட்டு கஜம் ஓடினார். உள்பக்கம் திரும்பினார். திரும்பும்போது வலது முட்டி அவரை ஒரு கணம் பிடித்து நிறுத்திவிட்டு, பிறகு விட்டது. பந்து அவர் கையில் வந்து உட்கார்ந்தது. மறுபடியும் ஓடினார். மறுபடியும் கையில். டார்சிக்கு எண்ணாமல் இருக்க முடியாது. இருபது எறிதல், இருபதும் கையில்.

“பாத்தியாம்மா?” மூச்சு வாங்க மைலோ கத்தினார். “நூத்துக்கு நூறு! ஐம்பத்தி நாலாம், ஐம்பத்தி நாலு!”

டார்சி கைதட்டினாள். தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. அந்த முட்டி எடுத்துக்கொள்ளும் ஒரு கணம். அந்த ஒரு கணத்துக்குள் நல்ல காலுள்ளவன் எவ்வளவு தூரம் போயிருப்பான்?

அரை கஜம்.

பிறகு பிக்கப் வண்டி அருகே ரீடைத் தனியாகப் பிடித்தாள்.

“உன் கை அப்பாவுக்காகக் காத்திருக்கப் பழகிடுச்சு ரீட். அங்க ஓடற பசங்களுக்கு முட்டி நல்லா இருக்கு.”

அவன் ஆச்சரியப்படவில்லை. கீழே பார்த்தான்.

“போன கோடையிலதான் எனக்கே புரிஞ்சுது. ஒரு தடவை முன்னால போட்டுப் பாத்தேன். எட்டிப் பிடிக்கப் போய் விழுந்துட்டார். சிரிச்சுக்கிட்டேதான் எழுந்தார். ஒரு வாரம் மாடிப்படி ஏறல.”

“அப்போ உன் கடைசி வருஷம்?”

“முகாம்ல சரி பண்ணிக்கறேன்.”

“நவம்பர் ஆகுதே உனக்கு. அதுவரைக்கும் யாரு காத்திருப்பா?”

“அவர்கிட்ட சொல்லாத, டார்சி. ஏழு வருஷமா எனக்காகத்தான் ஓடறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். நீ சொன்னா ஏழு வருஷமும் தப்பாயிடும்.”

அவள் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். அவனுடைய இந்த மென்மையைத்தான் அவள் காதலித்தாள். அதே மென்மை அவனை ஓரத்தில் உட்காரவைக்கப் போகிறதே என்று அவளுக்கு ஆத்திரமாகவும் வந்தது.

மறுநாள் மாலை மைலோ பட்டையைக் கட்டும்போது டார்சி கேட்டாள்: “நானும் கொஞ்சம் ஓடட்டுமா? ஸ்கூல்ல நானூறு மீட்டர் ஓடினவ நான்.”

ரீட் அவளை முறைத்தான். மைலோவுக்கு ஒரே குஷி. “ஓடு, ஓடு! அவன் பந்து கையைச் சுடும், அப்புறம் அழக்கூடாது.”

எட்டு கஜம் ஓடித் திரும்பினாள். பந்து அவள் இடுப்புக்குப் பின்னால் போய்ப் புல்லில் விழுந்தது. இரண்டாவது அவள் முதுகில் பட்டது. மூன்றாவதுக்கு ரீட் முன்னால் போட முயன்றான், கை கேட்கவில்லை.

“என்னடா, அவ பின்னாடியே போடறே?” மைலோ சிரித்தார். ஐந்தாவதும் பின்னால் போனபோது அவர் சிரிக்கவில்லை. முப்பது வருடம் விதைப்பு வரிசை கோணாமல் டிராக்டர் ஓட்டிய கண் அது. பந்து விழுந்த இடத்தைப் பார்த்தார். டார்சி திரும்பிய இடத்தைப் பார்த்தார். பிறகு தன் முட்டியைப் பார்த்தார்.

“இதனாலதானா?”

“அப்பா, அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“உன்னைக் கேக்கல. டார்சி, நீ சொல்லு.”

“நவம்பர்ல சரியாயிடறான். வீட்டுக்கு வந்துட்டுப் போனா மறுபடியும்...”

மைலோ கொட்டகைக்குள் போனார்.

“திருப்திதானே?” என்றான் ரீட். ஒரே ஒரு சொல்தான். டார்சி புல்லில் கிடந்த பந்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வாக்கை அவள் முதலில் காலால் மீறினாள், பிறகு சொல்லாலும். அவனை இழந்துவிட்டோமோ என்ற பயம் வந்தது. ஆனாலும் ஓடிய ஓட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

கொட்டகையில் ஏதோ உருண்டது. வெகுநேரம் கழித்து மைலோ வெளியே வந்தார். முட்டியில் பட்டை இல்லை.

“ஹைஸ்கூல்ல நான் என்ன ஆடினேன்னு தெரியுமாடா?” என்றார் ரீடிடம். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் வழக்கம்போல். “குனிஞ்சு நின்னு காலுக்கு நடுவுல பந்தைப் பின்னால குவாட்டர்பேக்குக்குத் தள்ளி விடறவன். நாலு வருஷம். நீ ஒரு நாளாவது கேட்டிருப்பியா?”

“இல்லப்பா.”

“அதுக்கு ஓட வேண்டியதில்ல. அந்தப் பொண்ணு ஓடட்டும். பந்தை இப்படிக் கொடு.”

வேலியிலிருந்து ஜெனெல் கத்தினாள்: “குனிஞ்சா நிமிர முடியுமாய்யா உங்களால?”

“முடியலன்னா நீ வந்து நிமித்து!”

ரீட் சிரிக்க முயன்றான், முடியாமல் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு டார்சியைப் பார்த்தான். கோபம் முழுவதும் போயிருக்கவில்லை. ஆனால் “நல்லா வேகமாத் திரும்பு” என்றான், அதுபோதும் அவளுக்கு.

மைலோ குனிந்தார். பந்து பின்னால் வந்தது. டார்சி ஓடினாள், திரும்பினாள், தவறவிட்டாள். மறுபடியும் ஓடினாள். சில பின்னால் போயின, ஒன்று ரொம்ப முன்னால் போய்ச் சோளத்துக்குள் விழுந்தது, சில கையில் வந்து சுட்டன.

இருபது முடிந்ததும் மைலோ குனிந்தபடியே, கால்களுக்கிடையே தலைகீழாகப் பார்த்து அவளிடம் கேட்டார்: “எத்தனை?”

“பதினொண்ணு.”

“நூத்துக்கு ஐம்பத்தஞ்சு” என்றார். “போன வருஷத்தைவிட ஒண்ணு ஜாஸ்தி. போ போ, இன்னொரு இருபது.”