ஐந்தாம் எண்ணுக்குள் இருந்தவர்

அந்த முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். கேப்டனின் மகன்: விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர், வீட்டுக்கும் சட்டைக்கும் சொந்தக்காரர். அவர் மனைவி: வந்தவர்களை உட்காரச் சொல்லாதவள். பரிசோதகர்: பழைய கால்பந்துச் சட்டையைக் கொடுத்தால் எந்த ஆட்டக்காரர் போட்டது என்று கண்டுபிடித்துச் சொல்லும் அம்மாள். லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய அக்கா. ஆலைக் கால்பந்து அணியின் செத்துப்போன கேப்டனும் இருந்தார், சுவரில், ஆளுயரப் படமாக.

லிஃப்ட் மெக்கானிக்கை அந்த வட்டாரத்தில் பலருக்கு அவன் தொழிலை வைத்துத் தெரியாது. சேம்சைடு மகன் என்றால் தெரியும். ஆலை அணியில் அவன் அப்பா ஐந்தாம் எண், தடுப்பாட்டக்காரர். இறுதி ஆட்டத்தில் தன் பக்கத்து வலைக்குள்ளேயே பந்தை உதைத்து, அதாவது சேம்சைடு கோல் போட்டு, கோப்பையைத் தொலைத்தவர் என்று பத்திரிகையில் வந்தது. கூடவே ஒரு படமும் வந்தது. சேறு அப்பிய முதுகு, அதில் ஐந்து, வலைக்குள் பந்து. முகம் தெரியாது. எண் தெரிந்த பிறகு முகம் யாருக்கு வேண்டும்?

அப்பா ஒரே ஒரு தடவை ஆலை வாசலில் நின்று, "நான் அடிக்கல, சட்டை மாறிடுச்சு" என்று சொல்லிப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஊர்தான் எடுத்தது. எவனாவது தப்பு செய்து மாட்டிக்கொண்டால், "என்னப்பா, சட்டை மாறிடுச்சா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மெக்கானிக் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டான். பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்டான். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்துகூட ஒரு ஆள் அவனிடம் அதைக் கேட்டிருக்கிறான். அன்றைக்கு அந்த ஆளை இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்தான்.

இப்போது மைதானத்தில் புதிதாகக் கட்டிய பார்வையாளர் மாடத்துக்குக் கேப்டன் பெயர் வைக்கிறார்கள். நுழைவாயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் போட்ட சட்டை இருக்க வேண்டும். சட்டை மகனிடம் இருந்தது. அது கேப்டன் போட்டதுதான் என்று பரிசோதகர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு அந்தக் காலத்து நல்ல படம் தேவைப்பட்டது. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அணி வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படத்தின் அசல் பிரதி ஒரே வீட்டில்தான் மிச்சமிருந்தது, மெக்கானிக் வீட்டில். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துக் கேப்டன் மகன் போன் செய்தார்.

"அவன் வீட்டு வாசப்படிய மிதிக்கணுமா?" என்று அக்கா கேட்டாள்.

"சட்டையப் பாக்கணும்" என்றான் மெக்கானிக். அவ்வளவுதான் சொன்னான். அப்பாவிடம் எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை.

மேசைமேல் சட்டை விரித்திருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு, முதுகில் கறுப்புத் துணியில் வெட்டித் தைத்த ஐந்து, நெஞ்சில் அதே எண் சின்னதாக. பரிசோதகர் கையுறை போட்டுக்கொண்டு தோள் தையல்மேல் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்திருந்தார்.

"ஆலை டீம்ல எங்கப்பா ஆறாம் நம்பர்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க" என்றார் கேப்டன் மகன், மெக்கானிக்கைப் பார்க்காமல். "அரையிறுதியில அவர் அஞ்சுதான் போட்டார். பேப்பர்லயே இருக்கு. அன்னிக்குச் சிலபேருக்கு வயித்துவலி, ஆட வரல."

"எங்கப்பாவுக்கு அன்னிக்குக் காய்ச்சல்" என்றாள் அக்கா. "வயித்துவலின்னு உங்க வீட்லதான் சொல்லிக்கிட்டீங்க."

"நான் யாரையும் சொல்லலையே. குத்துதா?"

"அக்கா, விடு" என்றான் மெக்கானிக்.

"ஏன் விடணும்? படம் வேணும்னு கூப்பிட்டுட்டு நிக்க வச்சே பேசறாரு. இவங்க வீட்டு நாற்காலி என்ன, உக்காந்தா தேஞ்சிடுமா?"

"உங்க வீட்டு ஆளுங்க எங்க உக்காந்தாலும் அது நம்ம பக்கம்தானான்னு ஒரு தடவ பாத்துட்டு உக்காரணும்" என்றாள் கேப்டன் மகனின் மனைவி. அவள் கணவர் மூக்கால் சிரித்தார்.

மெக்கானிக் பையிலிருந்து படத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

பரிசோதகர் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. படத்தை விளக்கடியில் சாய்த்தார். "கோடு போட்ட துணிய வெட்டித் தைக்கும்போது, தோள்ல ரெண்டு பக்கத்துக் கோடும் சரியாச் சேராது. ஒவ்வொரு சட்டையிலும் ஒவ்வொரு மாதிரி விலகும். அதான் எனக்கு அடையாளம்" என்றார். "இந்தச் சட்டையில இடது தோள்ல மூணாவது சிவப்பு, வெள்ளைக்குள்ள பாதி ஏறி நிக்குது. படத்துல அஞ்சாம் நம்பர் ஆளுக்கும் அப்படியேதான் இருக்கு."

படத்தில் ஐந்தாம் எண்ணைப் போட்டிருந்தவர் அப்பா. தலை வாரி, நெஞ்சை நிமிர்த்தி, பிறகு எந்தப் படத்திலும் நிற்காத மாதிரி நின்றிருந்தார்.

"இருக்கலாம்" என்றார் கேப்டன் மகன். "ஒரே செட் சட்டைதானே. அரையிறுதியில எங்கப்பா போட்டார், இறுதியில இவங்கப்பா போட்டுக் கெடுத்தார். ஆனா எங்கப்பா போட்டதுக்கு என்கிட்ட அத்தாட்சி இருக்கு. இடது கையப் பாருங்க."

இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கத்தரியால் நேராக வெட்டப்பட்டு, பிறகு வெள்ளை நூலால் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

"மணிக்கட்டு உடைஞ்சு மாவுக்கட்டு போட்டிருந்தார். கட்டுக்கு மேல சட்ட ஏறல. அவரே கத்திரியால வெட்டிக்கிட்டாராம். பின்னால எங்கம்மா தச்சது இது. உடைஞ்ச கையோட ஆடினவர்னு இன்னிக்கும் சொல்றாங்கல்ல, அது இதுதான்." அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அது நடிப்பில்லை என்பது மெக்கானிக்குக்குத் தெரிந்தது. அதனாலேயே எரிச்சல் அதிகமானது.

"கை எப்ப உடைஞ்சது?" என்று கேட்டார் பரிசோதகர்.

"அரையிறுதி கடைசி நிமிஷத்துல. கோலிய முட்டி விழுந்து."

"கட்டு எப்ப போட்டாங்க?"

"ஆட்டம் முடிஞ்சு, ஆஸ்பத்திரியில."

சொல்லி முடித்தபிறகும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அரையிறுதியில் ஐந்து போட்ட கதையையும் கட்டுக்காகச் சட்டைக் கையை வெட்டிய கதையையும் அப்பாவிடமிருந்து தனித்தனியாகக் கேட்டு வளர்ந்தவர். இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பார்க்க அவசியமும் வந்ததில்லை.

அரையிறுதியில் கட்டே இல்லை என்பது மெக்கானிக்குக்கு உடனே உறைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவன் சொன்னால் அது சேம்சைடு மகன் சொன்னதாகிவிடும்.

பரிசோதகர் தன் கணினியில் பத்திரிகைப் படத்தைத் திறந்து பெரிதாக்கினார். சேற்று முதுகு. ஐந்து. இடது கை உடம்புக்கு முன்னால் மறைந்திருந்தது. ஆனால் சட்டையின் இடது கைத்துணி வெட்டுப்பட்டு, கொடி மாதிரி பின்னால் பறந்துகொண்டிருந்தது. தோளில் மூன்றாவது சிவப்பு வெள்ளைக்குள் பாதி ஏறியிருந்தது.

"ஆட்டத்துக்கு முன்னால எடுத்த படத்துல இந்தச் சட்டையோட கை முழுசா இருக்கு. கோல் விழறப்ப வெட்டியிருக்கு" என்றார். "அதே முதல் படத்துல கேப்டன் ஆறாம் நம்பர்ல நிக்கிறார். அந்தச் சட்டைக் கையும் வெட்டியிருக்கு, கட்டு தெரியுது. நடுவுல ரெண்டு பேரும் சட்டைய மாத்தினாங்களா?"

"மாத்துவாங்க" என்றாள் அக்கா. "இடைவேளையில தோத்துக்கிட்டிருந்தா, ராசி மாறட்டும்னு கேப்டன் ரெண்டு பேரச் சட்டைய மாத்திக்கச் சொல்வார். அது ஊருக்கே தெரியுமே. நீங்களே உங்க கடையில உக்காந்து எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்கீங்க."

கேப்டன் மகன் தன் சட்டைப் பொத்தானைத் தடவினார். "அன்னிக்கு மாத்தலை."

"அப்ப எங்கப்பாவுக்கு எதுக்குச் சட்டைக் கைய வெட்டணும்? அவருக்கு என்ன உடைஞ்சிருந்தது?"

"கிழிஞ்சிருக்கும்."

"கத்தரி வெட்டு" என்றார் பரிசோதகர். "கிழிஞ்சா நூல் பிரியும். தச்சது உங்கம்மா. இதெல்லாம் நீங்க சொன்னதுதான். இந்தச் சட்டைய கேப்டன் போட்டிருக்கார், சந்தேகமே இல்ல. போட்டது இறுதி ஆட்டத்தோட ரெண்டாம் பாதியில. அப்படி எழுதித் தர்றேன்."

"எழுத வேண்டாம்."

"கேட்டது நீங்கதானே."

"கேட்டேன். இப்ப வேண்டாங்கறேன். என் சட்ட, என் வீடு."

பரிசோதகர் தோளைக் குலுக்கினார். "சொந்தக்காரர் வேண்டாம்னா அறிக்கை கிடையாது. பாத்தது பாத்ததுதான்." பூதக்கண்ணாடியையும் கணினியையும் பெட்டிக்குள் வைத்து, கையுறையை விரல் விரலாகக் கழற்றி, வாசலைப் பார்த்து நடந்தார். அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

கேப்டன் மகன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடியே நின்றார். "ஒரு வார்த்த சொல்லல" என்றார் மெல்ல. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார். "சந்தோஷமா? குளுகுளுன்னு இருக்கா?"

"எங்கப்பா இன்னும் உயிரோட இருக்கார்" என்றான் மெக்கானிக். "வந்து அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஊர் முன்னால வேண்டாம். வீட்டுக்குள்ள வந்து சொன்னா போதும்."

"எதுக்கு? மாடத்துல எங்கப்பா பேர அழிச்சிட்டு உங்கப்பன் பேர எழுதவா?"

"பேர யாரும் கேக்கல."

அதுவரை கதவோரம் நின்றிருந்த மனைவி மேசையருகே வந்தாள். சட்டையைச் சுருட்டி அக்காவின் கையில் திணித்தாள். "எடுத்துட்டுப் போங்க. அஞ்சாம் நம்பர் உங்கப்பாதானே? உங்க வீட்டுச் சொத்து. எங்க வீட்ல இப்படி ஒரு சட்ட இருந்ததே இல்ல."

கேப்டன் மகன் முகம் மெதுவாகத் தெளிந்தது. மனைவி தன்னைவிடக் கெட்டிக்காரி என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் புரிந்த மாதிரி இருந்தது. "ஆமா" என்றார். "தாராளமா எடுத்துட்டுப் போ. கண்ணாடி போட்டு மாட்டி வை."

அக்கா சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "வா போலாம். அப்பா கையில குடுக்கலாம்."

மெக்கானிக் அசையவில்லை. இந்தச் சட்டை கேப்டன் வீட்டு அலமாரியில் கிடந்தவரைக்கும்தான் சாட்சி. தன் வீட்டில் கிடந்தால், ஐந்தாம் எண் சட்டை ஐந்தாம் எண்காரன் வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வெள்ளைத் தையலைக்கூடத் தன் அம்மா தைத்தது என்பார்கள். ஊர் இன்னொரு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

"அதக் குடு" என்றான்.

"ஏன்டா?"

"குடு, அக்கா."

அவள் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கித்தான் வாங்கினான். மறுபடியும் மேசைமேல் விரித்தான். ஐந்து மேலே தெரியும்படி, வெட்டித் தைத்த கை வெளியே தெரியும்படி நீவிவிட்டான். தன் படத்தை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"எடுத்துட்டுப் போன்னு சொல்றோம்ல" என்றாள் மனைவி. முதல் தடவையாக அவள் குரல் ஏறியது.

"இது உங்க அலமாரியில இருந்தது. இங்கதான் இருக்கும்" என்றான் மெக்கானிக். "எரிக்கணும்னா எரிங்க. ஆனா நீங்கதான் எரிக்கணும். உங்கம்மா தச்ச தையல் அது."

"வெளிய போடா" என்றார் கேப்டன் மகன்.

அக்கா முதலில் போனாள், முணுமுணுத்துக்கொண்டே. மெக்கானிக் அவசரப்படாமல் வாசலில் குனிந்து செருப்பை மாட்டினான். உள்ளே மனைவி, "அதத் தொடாதீங்க" என்று சொல்வது கேட்டது. "நான் எங்க தொட்டேன்?" என்றார் கணவர். ஒருவரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. மெக்கானிக் படி இறங்கினான். கதவு அறைந்து சாத்தப்பட்டது. மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், பிறகு சாவி ஒரு முறை திரும்பியது.