படுக்கையறைப் பக்கத்துக் குழாய்

ஏசி நின்றுபோய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தையிடம் நான் சொல்லவில்லை. கொரியாவிலேயே வெயிலுக்குப் பேர்போன தேகுவில் கோடையை ஏசி இல்லாமல் கடத்துகிறேன் என்றால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். அங்கும் சொல்லவில்லை.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு வீடு பார்ப்பது மாப்பிள்ளை பொறுப்பு. வீட்டுக்குள் வைக்கும் சாமான்களைப் பெண் வீட்டார் வாங்கித் தருவார்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி மூன்றும் அத்தை வாங்கித் தந்தவை. அவர் கடலோர ஊரான போஹாங்கில், சந்தையில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறிகள் விற்கிறார். ஏசி கெட்டுவிட்டது என்று நான் சொன்னால், நீங்கள் தந்தது சரியில்லை என்று சொன்னதாகிவிடும். என் மனைவி யேரின் இருந்தால் அம்மாவுக்குப் போன் போட்டு, "என்ன டப்பாவ வாங்கித் தலையில கட்டியிருக்க?" என்று கத்தியிருப்பாள். மகள் கத்தலாம்.

யேரின் போன இலையுதிர் காலத்தில் இறந்தாள். வேலையிடத்தில் தலைவலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. இனி நான் அத்தைக்கு என்ன உறவு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர் போன் செய்தால் பிரிட்ஜ் ஓடுகிறதா, மெஷின் ஓடுகிறதா, ஏசி ஓடுகிறதா என்று கேட்பார். ஓடுகிறது என்பேன். சரி என்று வைத்துவிடுவார். அந்தச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போனால் அந்தப் போனும் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே என்ன செலவானாலும் ரிப்பேர்தான், புதிது வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கோடையில் மெக்கானிக் கிடைப்பது கஷ்டம். காத்திருந்து காத்திருந்து ஒரு சனிக்கிழமை மதியம் வந்தார். குவோன் என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் ஈரத் துண்டு. ஹால் மூலையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஏசியைத் திறந்து பார்த்தார். பால்கனியில் இருந்த அவுட்டோர் பெட்டியில் காதை வைத்தார்.

"இதே அவுட்டோர்லதான ரூம் ஏசியும் ஓடுது? அதையும் பாக்கணுமே."

படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டேன். நான் ஹாலில்தான் படுக்கிறேன். அந்த அறைக்குள் சட்டை எடுக்க மட்டும் போவேன். சுவரில் இருந்த சின்ன ஏசியின் மேல் தூசி படிந்திருந்தது. அவர் ஏதோ அழுத்தமானியை மாட்டினார், கழற்றினார், உச்சுக் கொட்டினார்.

"கேஸ் சுத்தமா இல்ல சார். ஹால் பக்கம் நல்லாத்தான் இருக்கு. இந்த ரூமுக்கு வர்ற பைப்பு சுவத்துக்குள்ள எங்கயோ ஒழுகுது. வீடு கட்டும்போதே பொதைச்சது. தேடணும்னா சுவத்த உடைக்கணும்."

"உடைக்காம?"

"ரூம் பக்கத்த அடைச்சிடுறேன். ஹாலுக்கு மட்டும் கேஸ் ஏத்திட்டா இன்னிக்கே ஜில்லுன்னு ஆயிடும். இல்லன்னா எல்லாத்தையும் கழட்டிட்டுப் புது செட்டு போடுங்க. புதுப் பைப்ப சுவத்துக்கு வெளியவே ஓட்டிடலாம். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும்." ஹாலில் விரித்திருந்த என் ஒற்றைப் படுக்கையைப் பார்த்தார். "நீங்க சிங்கிள்தான? அடைச்சிடுவோம். கல்யாணம் ஆனா பொண்ணு வீட்டுல புதுசு வாங்கிக் குடுப்பாங்க. அதுவரைக்கும் இந்தக் கிழடு ஓடும்."

"அடைச்சிடுங்க," என்றேன்.

அவர் பையில் கருவியைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசல் பூட்டில் யாரோ எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. அந்தப் பூட்டின் எண் தெரிந்தவர்கள் இப்போது இரண்டு பேர்தான்.

அத்தை உள்ளே வந்தார். ஒரு கையில் குளிர்ப்பை, இன்னொரு கையில் வெள்ளரிக்காய். அன்று கோடையின் முதல் கோழி நாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊரே வரிசையில் நின்று ஜின்செங் வேர் போட்ட கோழிச் சாறு குடிக்கும் நாள். அத்தை செருப்பைக் கழற்றி ஒரு காலை உள்ளே வைத்து அப்படியே நின்றார்.

"இது வீடா, இல்ல மீன் அவிக்கிற அண்டாவா?"

"வாங்கம்மா, வாங்க," என்றார் குவோன். "புள்ள வெந்துபோய்க் கெடக்காரு. நல்ல நேரத்துக்கு வந்தீங்க."

"நான் இவருக்கு அம்மா இல்ல. பொண்ணக் குடுத்தவ."

"அட, மாமியாரா? அப்பக் கோழி கன்பார்ம். வீட்டுக்காரம்மா எங்க, வெளிய போயி…" அலமாரி மேல் இருந்த யேரினின் படம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்தார். "பால்கனியில ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கு," என்று சொல்லிப் போய்விட்டார்.

அத்தை குளிர்ப்பையை மேசை மேல் வைத்தார்.

"போன வாரம் போன்ல ஏசி ஓடுதான்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

"ஓடுதுன்னு சொன்னேன்."

"எங்க ஓடுச்சு? தெருவுலயா?"

நான் குளிர்ப்பையைத் திறந்து கோழியை வெளியே எடுத்தேன்.

"எத்தன நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான்."

"தண்ணி கெட்டுப்போனா ஊருக்கே ரிப்போர்ட் எழுதுறவரு, வீட்டுல ஏசி கெட்டுப்போனத மாமியார்கிட்ட சொல்ல வாய் வரல." நான் மாநகராட்சிக் குடிநீர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அதைச் சொல்லித்தான் அவர் என்னைக் குத்துவார். "நான் என்ன நெனச்சுக்குவேன்னு வேர்த்துக்கிட்டுக் கெடந்தீங்களாக்கும். நான் வாங்கிக் குடுத்தா அது என்ன கோயில் சிலையா? டப்பா. தூக்கிப் போடுங்க."

யேரினின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து கோயில் படியில் இறங்கும்போது அவர் சொன்னார்: "நீங்க சின்ன வயசு. எங்க வீட்டுப் பக்கம் ரொம்ப வராதீங்க. பாக்குறவங்க பொண்ணு தர மாட்டாங்க." அன்றைக்கு என்னை விட்டுவிட்டார். இன்றைக்கு ஏசியையும் விடச் சொல்கிறார். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"வேணாம் அத்தை. பழசே போதும். அந்த ரூம் பக்கத்த மட்டும் அடைச்சிட்டா ஹால் ஓடும். நான் இங்கதான படுக்குறேன்."

"அடைக்கிறதா?"

"அங்க யாரும் இல்லையே."

அத்தை படுக்கையறை வாசலுக்குப் போனார். உள்ளே போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு சின்ன ஏசியையே பார்த்தார். முதுகில் சட்டை ஒட்டியிருந்தது.

"அப்ப நான் வந்தா எங்க படுக்குறது?" என்றார். "அந்தப் பெரிய டப்பா காலடியிலயா?"

அவர் இந்த வீட்டில் ஒரு இரவும் தங்கியதில்லை. யேரின் இருந்தபோதும் எவ்வளவு கெஞ்சினாலும், புதுசா கல்யாணம் ஆனவங்க வீட்டில் மாமியாருக்கு என்ன வேலை என்று கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

"நீங்க தங்கினதே இல்லையே, அத்தை."

"தங்கச் சொல்லி நீங்க கூப்புட்டீங்களா?"

"என்னைய வர வேணாம்னுதான சொன்னீங்க."

"உங்கள வர வேணாம்னேன். நான் வர மாட்டேன்னு சொன்னேனா?"

பால்கனிக் கதவைத் தட்டிவிட்டு குவோன் எட்டிப் பார்த்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. அடுத்த வீட்டுல கைக்கொழந்த இருக்கு, ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க. அடைக்கவா, வேணாமா?"

"வேணாம்," என்றேன். "புதுசே போட்டுக்குறோம். ரெண்டு பக்கமும்."

"பைப்பு வெளிய தெரியும், பரவாயில்லையா?"

"தெரியட்டும்," என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். "இந்தத் தடவ நீங்களே வாங்குங்க. நான் ஒத்தப் பைசா தர மாட்டேன். கெட்டுப்போனா இஷ்டத்துக்குத் திட்டிக்கலாம்."

குவோன் போகும்போது அத்தை அவர் கையில் ஒரு டப்பா கிம்ச்சி ஊறுகாயைத் திணித்தார். "வெந்துபோன வீட்டுக்கு வந்ததுக்கு," என்றார். அவர் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

அத்தை அடுப்பை மூட்டினார். வீடு இன்னும் கொதித்தது. சாறு பொங்கிய பிறகு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டு பேர் மூக்கிலிருந்தும் வேர்வை கிண்ணத்தில் சொட்டியது. ருசி தெரிந்தது என்று சொல்ல முடியாது. கிண்ணம் காலியானது. அவர் தன் கிண்ணத்திலிருந்த தொடையைப் பிய்த்து என் கிண்ணத்தில் போட்டார். அதையும் தின்றேன்.

"செத்த நேரம் கண்ண மூடுறேன்," என்று எழுந்தார். "பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு."

ஹாலில் இருந்த மின்விசிறியைப் படுக்கையறைக்குத் தூக்கிப்போனேன். விரிப்பை உதறினேன். ஜன்னலுக்கு வெளியே தூசி பறந்தது. அத்தை கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடுவார் போல, ஒருக்களித்துப் படுத்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தப் போனேன்.

"ஐயோ, சாத்தாதீங்க! மூடின ரூம்ல விசிறி ஓடினா மூச்சடச்சுச் செத்துப்போவாங்க."

"அதெல்லாம் சும்மா கதை, அத்தை. அப்படி ஒண்ணும் ஆகாது."

"படிச்சவரு சொல்றாரு. தெறந்தே கெடக்கட்டும்."

கதவைத் திறந்தபடி விட்டேன். ஹாலில் உட்கார்ந்து ஏசிக் கடைக்குப் போன் செய்தேன். வரிசையில் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். வீட்டின் அளவு கேட்டாள். எந்த மாடி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

"வீட்டுல எத்தன பேரு சார்?"

இந்தக் கேள்விக்கு அரசு அலுவலகத்தில், வங்கியில், குடியிருப்புச் சங்கத்தில் பதில் சொல்லிப் பழகியிருந்தேன். எல்லா இடத்திலும் ஒருவர் என்றுதான் சொன்னேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"ஒருத்தர்," என்றேன். "சில நாள் ரெண்டு பேர்."

"அப்ப ரெண்டு ரூமும் தனித்தனியா கண்ட்ரோல் பண்ற மாதிரி எடுத்துக்குங்க. ஆனா ஆகஸ்ட் கடைசியிலதான் ஆள் வருவாங்க. ஏகப்பட்ட பேர் காத்திருக்காங்க. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். கோடை அதற்குள் முடிந்துவிடும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அத்தை குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.