நீதிபதியின் வயிறு

அந்தக் குரங்குக்கு நீதிபதி என்று பெயர் வைத்ததே அவள்தான். யாரைப் பார்த்தாலும் புருவத்தைச் சுளித்து, தண்டனை சொல்லப் போவதுபோல் உட்கார்ந்திருக்கும். ஆய்வகக் குரங்குகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுவது ஒன்பது வருஷமாக அவள் வேலை.

அன்று சாயங்காலம் நீதிபதி மூலையில் குறுகிக் கிடந்தது. வயிறு பந்துபோல் உப்பியிருந்தது. அவள் அலறியடித்துக் கூப்பிட, கால்நடை மருத்துவர் ஓடி வந்தார்.

இரைப்பை ஓர் அளவுக்கு மேல் உப்பிவிட்டால் ஏப்பமும் வராது, வாந்தியும் வராது. அது நெஞ்சை நெருக்கும். இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். உடம்பில் ரத்தம் இருந்தும் இதயத்துக்கு வந்து சேராது. உயிர் போவது அதனால்தான்.

மருத்துவர் லேசாக மயக்கம் கொடுத்து, காலில் டிரிப்ஸ் ஏற்றி, வாய்வழியே மெல்லிய குழாயை விட்டார். கொஞ்சம் காற்று வந்தது, பிறகு அடைத்துக்கொண்டது. கழுவி மறுபடி விட்டார். மறுபடி அடைத்தது. ஈறு வெளுத்துக்கொண்டே வந்தது.

“அக்கா, மத்தியானம் எவ்வளவு போட்டீங்க?”

ஸ்கேனுக்காக நீதிபதி முந்தைய நாளிலிருந்து பட்டினி. ஸ்கேனுக்குக் கொடுத்த மயக்கம் தெளிந்ததும் கால் பங்கு மட்டும் போடச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. சொன்னால் வேலை போய்விடலாம். கால் பங்கு என்ற பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“ரெண்டு பங்கு, டாக்டரம்மா. காஞ்ச பிஸ்கட். தண்ணியும் நிறைய குடிச்சுது.”

மருத்துவர் திட்டவில்லை. உள்ளே இருப்பது வெறும் காற்றல்ல, ஊறிய மாவு என்று புரிந்துவிட்டது. மெல்லிய குழாயை எடுத்துவிட்டுத் தடித்த குழாயை விட்டார். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் விடுவதும் வடிப்பதுமாக இருவரும் ஒரு மணி நேரம் போராடினார்கள். வாளி கூழால் நிறைந்தது. ஈறில் மெல்ல நிறம் திரும்பியது.

“இத நான் ரிப்போர்ட்ல எழுதியாகணும், அக்கா.”

“எழுதுங்க. பாவம் பாத்தே கொன்னிருப்பேன்.”

மறுநாள் காலை, மருத்துவர் சொன்னபடி, ஒரே ஒரு ஸ்பூன் மசித்த தீனி கொடுத்தாள். நீதிபதி நக்கி முடித்துவிட்டுக் கம்பிக்கு வெளியே கையை நீட்டியது. அவள் கிண்ணத்தை மூடினாள். நீட்டிய கை உள்ளே போகவில்லை. அவளும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.