திரும்பி வந்தவைக்கு ஓர் ஆணி

செய்து கொடுத்த வேலையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறவனைக் கண்டாலே ரேடியேட்டர்காரருக்கு ஆகாது. அப்படிப்பட்டவனுக்கு அவர் வைத்திருந்த ஒரே பெயர், அரைகுறை. எதிர்ச் சாரியில் இதே ரேடியேட்டர் ஒட்டும் தொழில் செய்கிறவன் அரைகுறை. டயர்க்கடைக்காரன் அரைகுறை. கூடவே நின்று வேலை பார்க்கும் சொந்த மச்சினன் இருக்கிறானே, அவன் அரைகுறையிலும் அரைகுறை. “பொண்டாட்டி தம்பியாச்சேன்னு வச்சிருக்கேன். இல்லன்னா இந்த மூஞ்சிக்கு எவன் வேலை குடுப்பான்?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவன் காதுபடவே சொல்வார். மச்சினன் சிரித்துக்கொண்டே, ஒழுக்கு பார்க்கும் தொட்டியில் தண்ணீர் மாற்றுவான்.

பட்டறைச் சுவரில் ஓர் ஆணி அடித்து, அதற்கு மேலே பெயின்டில் ‘திரும்பி வந்தவை’ என்று அவரே எழுதிவைத்திருந்தார். ஓட்டை அடைத்துக் கொடுத்த ரேடியேட்டர் மறுபடி ஒழுகினால் அதில் மாட்டுவதாம். அந்த ஆணியில் எதுவும் தொங்கி அவர் பார்த்ததில்லை. புது ஆள் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார். துருப்பிடிக்கப் பிடிக்க அவருக்குப் பெருமை ஏறியது.

அப்பேர்ப்பட்டவருடைய கல்லீரலில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். டாக்டர் வயிற்றைக் கிழிக்கவில்லை. திரையில் பார்த்துக்கொண்டே விலா இடுக்கில் நீள ஊசி ஒன்றைச் செருகி, அதன் நுனியைச் சூடாக்கி, கட்டியை இருந்த இடத்திலேயே பொசுக்கிவிட்டார். மறுநாளே வீடு. இன்னொருத்தன் வேலையை ரேடியேட்டர்காரர் வாய் திறந்து பாராட்டியது அன்றைக்குத்தான். “சூடு வச்சான் பாரு! அவன் தொழில்காரன்!”

பாராட்டு முதல் ஸ்கேன் வரைக்கும்தான் தாங்கியது. படம் சுத்தமாக இருந்தது. ஆனாலும் டாக்டர், “மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். இது திரும்பி வரக்கூடிய வியாதி” என்றார்.

வெளியே வந்ததும் ரேடியேட்டர்காரர் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். “இவனும் அரைகுறைதான்டி. தன் வேலைல நம்பிக்கை இருக்கறவன் திரும்பி வான்னு சொல்வானா? ஒட்டிக் குடுத்த ரேடியேட்டர மூணு மாசத்துக்கு ஒரு தடவ கொண்டாந்து காட்டுன்னு நான் சொன்னா, எவனாவது என்ன மதிப்பானா?”

“வண்டியும் உடம்பும் ஒண்ணாங்க?”

“உனக்கு ரெண்டும் தெரியாது. வாய மூடிட்டு வா.”

அதன் பிறகு போகவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைத்தார். “கேளுங்க, கேளுங்க. ஒட்டினவனே கூப்பிட்டு ஒழுகுதான்னு கேக்கறான்!”

எவ்வளவு திமிர்! உடம்புக்கு அந்தத் திமிர் தெரியவில்லை. இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. பெல்ட்டில் தானே புதுத் துளைகள் போட்டுக்கொண்டார். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு அடைத்துக்கொண்டது. ஒரு நாள் மனைவி பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். “நீங்க எந்திரிச்சு வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.” வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த மானக்கேட்டுக்குத்தான் அவர் கிளம்பினார்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். “நான் சுட்ட இடம் சுத்தமா இருக்கு. அதோட ஓரத்துல புதுசா வளந்திருக்கு. பக்கத்துல பெரிய ரத்தக்குழாய் போகுது. ஓடுற ரத்தம் சூட்ட இழுத்துக்கும். அங்க கொஞ்சம் தப்பிச்சிருக்கலாம்.”

இது ரேடியேட்டர்காரருக்கு விளங்காத சமாச்சாரம் இல்லை. ரேடியேட்டருக்குள்ளே தண்ணீர் நின்றால் ஒட்டுகிற ஈயம் பிடிக்காது. “தண்ணிய வடிக்காம ஒட்டிருக்கீங்க” என்றார், உதட்டைச் சுழித்து.

“வடிச்சா நீங்க இருக்க மாட்டீங்களே” என்றார் டாக்டர். “சின்னதா இருக்கறப்பவே வந்திருந்தீங்கன்னா இன்னொரு ஊசியே போதும். இப்ப பெருசாயிடுச்சு. தொடை வழியா மெல்லிசா ஒரு குழாய் விட்டு, கட்டிக்குப் போற ரத்தத்துலயே மருந்த விட்டு அடைக்கலாம். தள்ளிப்போட்டா அதுவும் முடியாது. நாளைக்கே வந்து சேருங்க.”

“அதுக்கப்புறம் திரும்பி வராதுல்ல?”

“வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

“அப்ப என்னத் தொடாதீங்க” என்று எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போலப் பட்டறையைத் திறந்தார். மனைவி ஆஸ்பத்திரிக்கு எடுத்துவைத்த துணிப்பையோடு வாசலில் நின்றாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. அவர் பார்க்காததுபோல அடுப்பைப் பற்றவைத்தார். “செத்தாலும் சாவேன், ஒட்டினதையே ஒட்டறவன்கிட்ட போய் நிக்க மாட்டேன். இந்த ஆணியப் பாருடி. எதாவது தொங்குதா?”

மச்சினன் தொட்டியிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டான். “தொங்க வேண்டியது நிறைய வந்துச்சு மாமா.”

“என்னடா உளர்ற?”

“நீங்க ஒட்டினதுதான். பால் வண்டி வந்துச்சு. மணல் லாரிக்காரர் வந்தாரு. நீங்க மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கற நேரமாப் பாத்து வரச் சொல்லுவேன். ஒட்டி அனுப்பிடுவேன். உங்க வேலை மோசம்னு சொல்லல மாமா. ஓடுற வண்டி குலுங்குது, சூடாவுது. ஒட்டின இடம் நல்லாத்தான் இருக்கும், பக்கத்துல விட்டுடும்.”

ரேடியேட்டர்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. “உனக்கும் தெரியுமா?”

“எதிர்க் கடைக்காரனுக்கே தெரியுங்க.”

கையிலிருந்த சுத்தியலை மச்சினன்மேல் எறியத்தான் ஓங்கினார். எறியாமல் கீழே போட்டார். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவமானத்தில் காது மடல் எரிந்தது. அதையும் தாண்டி, சாவு பயம் என்பது இதுதான் போலிருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது.

பிறகு மச்சினனைப் பார்த்துக் கேட்டார். “நீ ஒட்டி அனுப்பினது?”

“என்ன மாமா?”

“அது திரும்பி வந்துச்சாடா?”

“சிலது வந்துச்சு.”

“வந்தப்ப என்ன பண்ண?”

“திரும்பவும் ஒட்டினேன்.” மச்சினன் தலையைச் சொறிந்தான். “வேற என்ன பண்றது மாமா? வண்டி ஓடணும்ல.”

ரேடியேட்டர்காரர் அடுப்பை அணைத்தார். எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையைக் கழற்றினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்தத் துருப்பிடித்த ஆணியில் மாட்டினார். அது சட்டையைத் தாங்கியது.

“பாத்துட்டு நிக்கறியே, போய் வண்டி பிடிடா அரைகுறை” என்றார். “உங்கக்கா பையத் தூக்கிட்டு எவ்வளவு நேரமா நிக்கறா.”