யாரும் கேட்காத பத்தி

எங்களிடம் இருந்தது இரண்டு படகு, ஒரு டிக்கெட் ஜன்னல், அண்ணி, நான். எதிரே இருக்கும் ஓட்டலோ பங்குச்சந்தை வரை போன கம்பெனி. வருஷா வருஷம் வழவழப்பான தாளில் அறிக்கை போடுவார்கள். நட்ட மரம், மிச்சம் பிடித்த தண்ணீர் எல்லாம் அதில் இருக்கும். சட்டம் கேட்காததைக்கூடத் தாமாகவே சொல்கிறார்களாம். பெருமையைச் சொல்ல யாருக்கு வலிக்கும்?

அந்த ஓட்டல் தன் விருந்தினர்களை இனி ஒரே படகுக்காரரிடம் அனுப்பப் போவதாகச் சொன்னது. உங்களைப் பற்றி விரும்பியதை ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார் மேனேஜர். அந்த வேலை கிடைக்காவிட்டால் ஒரு படகை விற்க வேண்டியதுதான்.

அண்ணி எழுதியதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘போன சீசனில் லைஃப் ஜாக்கெட் ஒன்று குறைவு என்று தெரிந்தே படகை எடுத்தோம். காற்றில் கவிழ்ந்தது. தன்னுடையதைப் பயணிக்குக் கொடுத்துவிட்டு ஓட்டியவர் இறந்தார். அவர் எங்கள் முதலாளி.’

முதலாளி என்றால் என் அண்ணன்.

“இதை யாரு கேட்டா அண்ணி? அவங்க பெரிய கம்பெனி, எதைச் சொன்னாலும் தாங்கும். நாம வாயைத் திறந்தா அவ்வளவுதான்.”

“அன்னிக்கு வாயைத் திறக்கலையே தம்பி. ஒண்ணு குறையுதுன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.”

தாளை எடுத்துக்கொண்டு அண்ணியின் பின்னால் ஓட்டலுக்குப் போனேன்.

மேனேஜர் நல்ல மனிதர். இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துடுங்கம்மா. உங்க விவரம் எங்க அறிக்கையில வரும், பங்குதாரருங்க படிப்பாங்க. மத்தபடி வேலை உங்களுக்குத்தான்.”

சரி என்று சொல்லிவிடுங்கள் அண்ணி என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“அதை எடுத்துட்டா, அவர் எப்படிப் போனாருன்னு எங்கேயுமே இருக்காதுங்க,” என்றார் அண்ணி. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வேலை பக்கத்துப் படகுத்துறைக்குப் போனது. ஒரு படகை விற்றோம். அந்தத் தாளை அண்ணி டிக்கெட் ஜன்னலில் ஒட்டிவிட்டார். படித்துவிட்டுச் சிலர் திரும்பிப் போகிறார்கள், போகட்டும்.

ஒட்டிய அன்று ஒரு குடும்பம் படித்துவிட்டும் படகில் ஏறியது. எல்லோருக்கும் ஜாக்கெட் மாட்டிவிட்ட அண்ணி, இன்னொன்றை எடுத்துக்கொண்டு, படகை ஓட்ட உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தார். அண்ணன் போனதிலிருந்து ஜாக்கெட்டையே தொடமாட்டேன் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அண்ணி அதை என் தலை வழியாக மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இப்ப படகை எடு,” என்றார்.